இரவல் குதிரைகள்

மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டுவிட்டால் ஹாஜாவுக்கு உடனே இருமல் வந்துவிடும். பொய் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. மனிதர் வேறு என்னதான் செய்வார்? "கார்டு ஆடறான்" என்று சொன்னால் புதுச்சேரியில் அவர்கள் குடியிருக்கிற சாரம் பகுதியில் எந்தக் காதுக்கும் அது மூணு சீட்டாகத்தான் கேட்கும். ஐந்து வேளை தொழுகிற மனிதர், காந்தி வீதியில் பொத்தானும் ஜிப்பும் விற்று நாணயமாகப் பிழைக்கிறவர், அவர் பிள்ளை சீட்டாடிச் சம்பாதிக்கிறான் என்றால் கேட்க நன்றாகவா இருக்கிறது?

மூணு சீட்டு இல்லை அது. அதற்கு ரொயோம் என்று பெயர். அட்டை அட்டையாக ராஜாவும் கோட்டையும் பூதமும் படம் போட்டிருக்கும். கடையில் பாக்கெட் பாக்கெட்டாக விற்பார்கள், உள்ளே என்ன கார்டு இருக்கும் என்று பிரித்த பிறகுதான் தெரியும். வேண்டாததைக் கொடுத்து வேண்டியதை மாற்றி, அறுபது கார்டு கொண்ட ஒரு கட்டை அவனவன் சேர்த்துக்கொண்டு எதிராளியோடு மோத வேண்டும். உலகம் முழுக்க இதற்குப் போட்டி உண்டு, பரிசு உண்டு, இதையே தொழிலாக வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பறக்கிறவர்களும் உண்டு. பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் மகன் ஹாதி இதையெல்லாம் அரைமணி நேரம் விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி தம்பி, எந்த கிளப்புல ஆடறே?" என்றார்.

இந்தப் பித்து அவனுக்கு வந்தது பிரேம்குமார் வீட்டிலிருந்து. அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தான் பிரேம். அவன் அப்பா தெய்வசிகாமணி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். இரண்டாயிரத்து ஒன்றில் பாரிஸிலிருந்து லீவுக்கு வந்த பிரேமின் மாமா ஒரு பெட்டி கார்டைக் கொண்டுவந்து போட்டார். அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் ஒரு பெட்டி வந்தது. பிள்ளைகள் இருவருக்கும் அப்போது பதினைந்து வயது.

பிரேமுக்கு ஆட்டத்தின்மேல் உயிர், ஆனால் ஆட வராது. நல்ல கார்டு கைக்கு வந்தால் காது சிவந்துபோகும், எதிராளி அதைப் பார்த்தே உஷாராகிவிடுவான். ஹாதியோ கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பான். எதிராளி போட்ட கார்டு எத்தனை, இன்னும் அவன் கையில் இருக்கக்கூடியது என்ன என்று மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆக, ஒரு ஏற்பாடு தானாக அமைந்தது. கார்டு பிரேமுடையது, ஆட்டம் ஹாதியுடையது, பரிசு வந்தால் பாதிப் பாதி. கார்டெல்லாம் ஹாதியிடமே இருக்கும். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. பிரேம் எந்நேரமும் அவர்கள் வீட்டில்தான் கிடப்பான், ஹாஜாவை அவனும் அத்தா என்றுதான் கூப்பிடுவான்.

சும்மா சொல்லக்கூடாது, ஹாதி ஆடினான். சென்னையில் ஜெயித்தான், பெங்களூரில் ஜெயித்தான், பம்பாயில் இரண்டாவதாக வந்தான். இரண்டாயிரத்து ஐந்தில் கோலாலம்பூருக்கே போய் பதினோராவது இடம் பிடித்தான். அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது. ஹாஜா ஒரு மாசம் அதிலிருந்து தண்ணீர்கூட எடுத்துக் குடிக்கவில்லை. பிறகு ஒரு சித்திரை வெயிலில் குடித்தார், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. போட்டி இல்லாத மாதங்களில் ஹாதி பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, எந்தக் கட்டை எப்படி ஆடுவது என்று வெளிநாட்டு வெப்சைட்டுகளுக்கு எழுதுவான். அதற்கும் டாலரில் கொஞ்சம் வரும். ஆக, அவன் வேலையில்லாதவன் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுச் சொல்ல முடியாது.

அவன் கட்டுக்கு உயிர்நாடி நாலு கார்டு. கருங்குதிரை என்று பையன்கள் சொல்வார்கள். ஒரே கார்டில் நாலுக்கு மேல் வைக்கக்கூடாது என்பது சட்டம், அந்த நாலும் இவர்களிடம் இருந்தது. இந்தியாவில் வேறு யாரிடமும் நாலு குதிரை கிடையாது. பிரேமின் மாமா பாரிஸில் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கியவை. ஒரு குதிரையை விற்றால் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம்.

இவ்வளவு விலையுள்ள கார்டைத் தினமும் கலைத்துக் கலைத்துத் தேய்க்க மனசு வருமா? அதனால் பழகுவதற்கென்று ஹாதி தானே நாலு குதிரை செய்து வைத்திருந்தான். சாரத்தில் கலர் ஜெராக்ஸ் எடுத்து, உதவாத கார்டு ஒன்றின் முகத்தில் ஒட்டி, நகவெட்டியால் மூலையை உருட்டிவிடுவான். நீல பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டால் எது அசல் எது நகல் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. புதுச்சேரியில் ரொயோம் ஆடின பையன்கள் அத்தனை பேரும் இப்படித்தான் பழகினார்கள், இதில் தப்பு ஒன்றும் இல்லை. போட்டிக்குப் போகும்போது மட்டும் அசலை எடுத்துப் போட வேண்டும். நாலு நகலில் ஒன்றில் மட்டும் நகவெட்டி கொஞ்சம் ஆழமாகக் கடித்துவிட்டது. "எலி கடிச்ச குதிரைடா இது" என்று பிரேம் கேலி செய்வான். உறைக்குள் இருந்தால் அந்தக் கடி கண்ணில் படாது.

ஹாஜாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் கடையில் மேல் பலகையில் ஒரு பச்சைத் துணிப் பொட்டலம் பதினோரு வருஷமாக இருந்தது. யாரோ ஒரு அம்மாள் ஊசி நூல் வாங்க வந்து மறந்து வைத்துவிட்டுப் போனது. ஒவ்வொரு பெருநாளுக்கும் கடையை வெள்ளையடிக்கும்போது அதை இறக்கி, தூசி தட்டி, திரும்ப அதே இடத்தில் வைப்பார். "எடுத்து யாருக்காவது குடுத்துடலாமே அத்தா" என்று ஒரு தடவை ஹாதி சொன்னதற்கு மனிதர் முகம் கறுத்துப் போனது.

"அது அமானிதம்டா. நம்பி நம்ம கையில இருக்கிற பொருளு. உடையவங்க கைக்குப் போற வரைக்கும் நம்ம தலைமேல பாரம். நாளைக்கு மறுமையில கேள்வி இருக்குல்ல?"

இரண்டாயிரத்து ஏழு. உலகப் போட்டி அந்த வருஷம் பாரிஸில். இந்தியாவில் முதலாவதாக வருகிறவனுக்கு விமான டிக்கெட், தங்குமிடம் எல்லாம் கம்பெனி செலவு. அதைவிடப் பெரிய விஷயம், பாரிஸில் ஆடினவனுக்கு ஒரு வருஷத்துக்கு எல்லா நாட்டுப் போட்டிக்கும் அழைப்பு வரும், கம்பெனியே சம்பளம் மாதிரி ஒரு தொகை கொடுக்கும். ஹாதி ஆறு வருஷமாகக் கனவு கண்டது அதைத்தான்.

ஹாஜாவும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "இந்த வருசம் வரைக்கும் பாரு. பாரிஸுக்குப் போனேன்னா, என் வாயால நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், துஆ செய்து அனுப்பறேன். இல்லைன்னா அந்தக் கட்டைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டுக் கடைக்கு வந்துடணும். சம்மதமா?"

"சம்மதம் அத்தா" என்றான் ஹாதி. ஜெயிப்போம் என்பதில் அவனுக்குத் துளி சந்தேகம் இல்லை.

அதிர்ஷ்டம் பாருங்கள், இந்தியப் போட்டி அந்த வருஷம் புதுச்சேரியிலேயே நடப்பதாக அறிவித்தார்கள். லாஸ்பேட்டையில் ஒரு ஏசி கல்யாண மண்டபம். உள்ளூர் கேபிள் டிவிக்காரர்கள் ஹாதியைக் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தார்கள். பவுடர் பூசி உட்காரவைத்து, "இந்தக் கார்டெல்லாம் எப்படிக் கெடைச்சுது?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஹாதி கட்டை விசிறி மாதிரி விரித்துக் காட்டினான். "ஒவ்வொண்ணும் நானா தேடிச் சேர்த்ததுங்க. ஆறு வருச உழைப்பு" என்றான். ஏன் அப்படிச் சொன்னான்? விளக்கு வெளிச்சத்தில் தலைகால் புரியவில்லை, அவ்வளவுதான். பிரேம் என்று ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் வாய் வலித்திருக்குமா? அந்த நிகழ்ச்சியை ஒரு வாரத்தில் மூன்று தடவை போட்டார்கள். மூன்று தடவையும் பிரேம் பார்த்தான்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது பிரேம் வந்தான். வாசலிலேயே நின்றான், செருப்பைக் கழற்றவில்லை.

"நாலு குதிரையையும் குட்றா."

"இன்னாடா திடீர்னு?"

"அடுத்த மாசம் நான் பாரிஸ் போறேன். மாமா வேலைக்குச் சொல்லியிருக்காரு. அங்க நானே ஆடிக்கறேன். என் கார்டு எனக்கு வேணும்."

"பத்து நாள்ல ஃபைனல் இருக்குடா. ஆடி முடிச்சிட்டுத் தரேன்."

"நீதான் ஒவ்வொண்ணா தேடிச் சேர்த்தியே. போய் இன்னும் நாலு தேடிக்கோ." சொல்லும்போதே பிரேமின் காது சிவந்துவிட்டது. "மாமா பனியில நின்னு வாங்கினதுடா அது. எம் பேரைக்கூட நீ சொல்லல."

ஹாதிக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. சில பேருக்கு அது வரவே வராது, கோபம்தான் வரும். "உன் கார்டை நீயே வச்சிக்கோடா, எனக்கா கார்டு கிடைக்காது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். பீரோவில் இரண்டு தகர டப்பா இருந்தது. ஒன்றில் அசல், ஒன்றில் நகல். அசல் டப்பாவைத்தான் முதலில் தொட்டான். அப்புறம் கை நகல் டப்பாவுக்குப் போனது.

பத்தே பத்து நாள். ஃபைனல் முடிந்ததும் சமாதானமாகப் போய், பெட்டி கட்ட உதவுகிற சாக்கில் மாற்றி வைத்துவிடலாம். பிரேம் உறையை விட்டு வெளியே எடுத்துப் பார்க்கிற ஆளா? இது திருட்டா என்ன, இரவல். இப்படியெல்லாம் அவன் மனசு அவனுக்குச் சொன்னது. நாலு நகலையும் கொண்டுவந்து பிரேமின் உள்ளங்கையில் வைத்தான். பிரேம் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

போட்டி இரண்டு நாள். மண்டபத்தில் முந்தின முகூர்த்தத்தின் வாழைமரம் இன்னும் கட்டியிருந்தது, மேடையில் யாரோ மாப்பிள்ளை பெண்ணின் பெயர் தெர்மாக்கோலில் பளபளத்தது. அதற்குக் கீழே அறுபத்து நாலு பேர் உட்கார்ந்து ரொயோம் ஆடினார்கள். முதல் நாள் எல்லோர் கட்டையும் பம்பாயிலிருந்து வந்த நடுவர் அம்மாள் சோதித்தாள். கறாரான பொம்பளை. கார்டை உறையிலிருந்து உருவி, விளக்கில் பிடித்துப் பார்த்து, அப்புறம்தான் திருப்பிக் கொடுத்தாள். ஹாதியின் கட்டில் இருந்தது அசல் குதிரை, அவனுக்கு என்ன பயம்? ஏழு ஆட்டம் ஆடி ஏழும் ஜெயித்தான். கடைசி எட்டுப் பேரில் முதல் ஆள் அவன்தான்.

இதை யாரோ பிரேமிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். குதிரை ஏது என்று கேட்டதற்குப் பெங்களூர் சுப்பிரமணியன் இரவல் கொடுத்தான் என்று ஹாதி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். அவன் அங்கங்கே ஒன்றிரண்டாகத் தேற்றியதாம், அவன் கட்டுக்கு அது தேவையில்லையாம் என்று ஒரு கதை. பெங்களூர் சுப்பிரமணியனும் அதே போட்டியில் ஆடுகிறவன், இவனுக்குச் சரியான போட்டியாளன். பெயர் வாயில் வந்துவிட்டது, சொல்லிவிட்டான்.

இரண்டாம் நாள் காலை ஹாதி மேஜையில் கட்டை எடுத்து வைத்தபோது எதிரே பிரேம் நின்றான். கண் வீங்கியிருந்தது. ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது.

"டேய், என் வயித்தெரிச்சல் என்னை அப்படிப் பேச வச்சிடுச்சுடா. ஆறு வருசம் சேர்ந்து ஆடிட்டு, கடைசி ஆட்டத்தை ஊரான் கார்டுலயா ஆடுவே? இந்தா." சட்டைப் பையிலிருந்து நீல உறை போட்ட நாலு குதிரையை எடுத்தான். "நம்ம குதிரையில ஆடு. நம்ம குதிரையில பாரிஸுக்கு வா. அங்க ஏர்போர்ட்ல நான் நிக்கிறேன்."

ஹாதி கட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

"வேணாம்டா. இது கைக்குப் பழகிடுச்சு."

"கார்டு கார்டுதானேடா. இன்னும் எம்மேல கோவமா?"

சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். சண்டை போட்ட சிநேகிதர்கள் சேருவதைப் பார்த்து ரெண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். பிரேம் உரிமையோடு கட்டை எடுத்தான். ஆறு வருஷமாக அவன் அடுக்கிக் கொடுத்த கட்டுதானே! தேடித் தேடி நாலு குதிரையை உருவினான், தன் நாலைச் செருகினான். உருவியதைக் கைக்குட்டையில் சுற்றித் தன் சட்டைப் பையில் வைத்தான்.

"அதை எங்கிட்ட குடு, நானே சுப்பிரமணியன்கிட்ட குடுத்துடறேன்" என்றான் ஹாதி.

"நீ ஆட்டத்தைக் கவனி. கடைசியில நானே கைகுடுத்துத் தாங்க்ஸ் சொல்லிக் குடுத்துக்கறேன். அவன் பொருளுக்கு நான் பொறுப்பு."

இப்படியாக அசல் குதிரை நாலும் பிரேமின் பையில், எலி கடித்தது உட்பட நகல் நாலும் ஹாதியின் கட்டில். எல்லோர் கண் முன்னாலும் நடந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வாடா வெளியே" என்று கூட்டிக்கொண்டு போய், காலில் விழுந்திருந்தால்கூடப் பிரேம் அடித்திருப்பான், அழுதிருப்பான், அசலைக் கொடுத்திருப்பான். மத்தியானம் அதற்கு நேரமும் இருந்தது. பிரேம் பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்தான், இரண்டு பேரும் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் சாப்பிட்டார்கள். அதற்குள் ஹாதி கால் இறுதியை ஜெயித்திருந்தான். எதிராளி கட்டைக் கலைத்தான், ஒன்றும் கவனிக்கவில்லை. இன்னும் ரெண்டே ஆட்டம். சோதனையெல்லாம் நேற்றே முடிந்துவிட்டது. இனி யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? ஹாதி கறியைப் பிரேம் பக்கம் தள்ளிவிட்டான்.

அரை இறுதியும் ஜெயித்தான். இறுதி ஆட்டத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்தது யார் என்கிறீர்கள்? சுப்பிரமணியன்.

மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதலாவதை ஹாதி ஜெயித்தான். அப்படி ஒரு ஆட்டத்தை அவன் அதற்கு முன் ஆடினதில்லை, அதற்குப் பின் ஆடவும் இல்லை. சுப்பிரமணியன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். பின்னால் நாற்காலியில் பிரேம் தொடையில் தட்டிக்கொள்கிற சத்தம் ஹாதிக்குக் கேட்டது. இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால் வழக்கப்படி கட்டை எதிராளியிடம் தள்ளினான். சுப்பிரமணியன் கலைத்தான். பாதியில் நிறுத்தினான். கட்டைவிரலால் ஒரு கார்டை நெருடினான். பிறகு இன்னொன்றை. அவன் அப்பா வங்கியில் காசாளர், பிள்ளைக்கும் அந்த விரல்தான் போலிருக்கிறது.

"ஜட்ஜ்" என்று கையைத் தூக்கினான்.

நடுவர் அம்மாள் வந்தாள். சுப்பிரமணியன் காட்டிய கார்டை உறையிலிருந்து உருவினாள். விளக்கில் பிடித்தாள். விரல் நகத்தால் ஓரத்தை நெம்பினாள். கருங்குதிரை தோலுரிந்த மாதிரி எழும்பி வந்தது, அதற்கு அடியில் பத்துப் பைசா பெறாத ஒரு தவளைக் கார்டு இருந்தது. நாலையும் உரித்தாள்.

"இது எப்படி உன் கட்டில் வந்தது?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

எந்தப் பதில் சொன்னாலும் ஆட்டம் போனது போனதுதான், போலி கார்டு இருந்தால் அதோடு முடிந்தது என்பது சட்டம். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். பதிலில் அவன் காப்பாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. இருந்தும் கையை நீட்டினான்.

"அவன்தான் மேடம் வச்சான். காலையில. எல்லாரும் பார்த்தாங்க."

பொய்யா? இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். இத்தனை அயோக்கியத்தனமான சத்தியத்தை அந்த மண்டபம் கேட்டிருக்காது. சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

பிரேம் பாய்ந்து வந்தான். "மேடம், அது ஒரிஜினல். எங்க மாமா பாரிஸ்ல வாங்கினது. என் வீட்லதான் பத்து நாளா..." மேஜையைப் பார்த்தான். மூலை கடித்த குதிரை மல்லாந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான். நாலு குதிரையையும் சுப்பிரமணியன் முன்னால் வைத்தான்.

"இது உங்களுதா?"

சுப்பிரமணியன் முழித்தான். "எனக்கு ஏதுப்பா குதிரை? இருந்தா நான் ஆடமாட்டேனா?"

"நீங்க இவனுக்கு இரவல் குடுக்கலையா?"

"நான் யாருக்கும் ஒண்ணும் குடுக்கலையே."

பிரேம் ஹாதியைத் திரும்பிப் பார்த்தான். காது சிவக்கவில்லை. அதுதான் ஹாதிக்குத் தாங்க முடியாமல் போனது. சொல்லப்போகிறான், இப்போது எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறான் என்று காத்திருந்தான். சொல்லிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. பிரேம் சொல்லவில்லை. நாலையும் திரும்பக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, நாற்காலிகளைத் தாண்டி, வாழைமரத்தைத் தாண்டி, வெளியே போனான்.

ஹாதிக்கு இரண்டு வருஷம் தடை. போலி கார்டு கொடுத்தவன் என்று பிரேம்குமார் பெயரையும் நடுவர் அம்மாள் எழுதி அனுப்பினாள். அது கம்பெனியின் வெப்சைட்டில் வந்தது. இனி எந்த நாட்டு மண்டபத்திலும் பிரேம் ரொயோம் ஆட முடியாது, பாரிஸில்கூட. ஒரே ஒரு ஈமெயிலில் அதை மாற்றியிருக்கலாம். ஹாதி பிரௌசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தான். மூன்று நாள் போனான். மூன்று நாளும் யாரோ எழுதிய ஆட்டக் குறிப்புகளைப் படித்துவிட்டுத் திரும்பினான்.

வீட்டில் தோற்றுவிட்டேன் என்று மட்டும் சொன்னான். ஹாஜா ஏன் எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தோள்மேல் கைவைத்து, "திங்கக்கிழமை கடைக்கு வா" என்றார். போனான். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிரேம் பாரிஸுக்குப் போகிறான் என்று தெரு முழுக்கத் தெரிந்தது. சென்னை விமான நிலையத்துக்குப் போகிற கார் அவன் வீட்டு வாசலில் நின்றபோது, ஹாதி கடையில் ஜிப்புகளை நீளவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். கார் போயிருக்கும் என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினான்.

மறுநாள் கடை திறந்ததும் ஹாஜா கல்லாவிலிருந்து ஒரு காக்கி உறையை எடுத்தார்.

"பிரேம் நேத்து சொல்லிட்டுப் போக வந்தான். நீ டீ குடிக்கப் போயிருந்தே. அழுதுட்டே போனான், நல்ல புள்ள. இதை உன்கிட்ட குடுக்கச் சொன்னான்."

ஹாதி பிரித்தான். நீல உறையில் நாலு கருங்குதிரை. அசல். மன்னித்துவிட்டான், கார்டை எனக்கே கொடுத்துவிட்டான் என்று ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம் நினைத்தான்.

"பெங்களூர்ல சுப்பிரமணியன்னு ஒருத்தன்கிட்ட நீ இரவல் வாங்கினதாமே? இவன் பையிலயே தங்கிடுச்சாம். 'அவர் பொருளு அத்தா, ஹாதியை மறக்காம திருப்பி அனுப்பிடச் சொல்லுங்க, நீங்க சொன்னாதான் செய்வான்'னு ரெண்டு தடவை சொன்னான்."

ஹாதி உறையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னா நிக்கிறே? அமானிதம்டா அது. அட்ரஸ் இருக்கா?"

"இல்லை அத்தா."

"விசாரி. உடையவன் உசுரோட இருக்கான், ஊரு தெரியும், பேரு தெரியும். இது ஒண்ணும் அந்தப் பச்சைப் பொட்டலம் இல்லை."

ஒரு வாரம் தட்டிக் கழித்தான். ஹாஜா விடுகிற ஆளா? காலையில் கடை திறந்தால் அதுதான் முதல் கேள்வி, மாலையில் பூட்டினால் அதுதான் கடைசிக் கேள்வி. அது என்னுடையதும் இல்லை, அவனுடையதும் இல்லை, பிரேமுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்ததும் வரும், கடைசியில் பீரோவிலிருந்த இரண்டு தகர டப்பாவில் வந்து நிற்கும். கடைசியில் முகவரி கிடைத்துவிட்டது என்று அவனே சொன்னான்.

ஹாஜா கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே தபால் ஆபீசுக்கு வந்தார். நாலு கார்டையும் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, கடைத் துணியால் சுற்றி, தானே தைத்தார். அவர் தையல் பிசிறில்லாமல் இருந்தது. முகவரியை மட்டும் ஹாதி எழுதினான். "ரிஜிஸ்டர் பண்ணு, கையெழுத்து வாங்கிட்டு வர்ற கார்டையும் சேர்த்துடு. ஆதாரம் வேணும்" என்றார். சுப்பிரமணியன் அந்த மாதக் கடைசியில் பாரிஸுக்குக் கிளம்புகிறான். ஹாதிக்குக் கிடைக்க வேண்டிய டிக்கெட்டில். இனி நாலு குதிரையோடு.

பத்து நாளில் ஒப்புகைக் கார்டு வந்தது, சுப்பிரமணியனின் கையெழுத்தோடு. அதற்குப் பின்னாலேயே ஒரு கடிதமும் வந்தது. நாலு வரி. யார் கொடுத்தது, ஏன் கொடுத்தது என்று அவன் கேட்கவில்லை, நன்றி என்று மட்டும் எழுதியிருந்தான். விவரமானவன்.

ஹாஜா ஒப்புகைக் கார்டைக் கல்லாவுக்கு மேலே கண்ணாடிக்கு அடியில் வைத்தார். அன்றைக்கு ஆதிமூலம் டெய்லர் பொத்தான் வாங்க வந்தார். "உங்க பையன் இப்ப இன்னா பண்றாரு பாய்?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

ஹாஜாவுக்கு இருமல் வரவில்லை. "கடையைப் பார்த்துக்கறான்" என்றார். கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டினார். "ஆட்டத்துல தோத்துட்டான், அது கிடக்கட்டும். ஸ்கூட்டர் விலை பெறுமாம் ஒவ்வொண்ணும். உடையவன் திருப்பிக் கேக்கக்கூட இல்லை. ஆனாலும் தேடிப் புடிச்சித் திருப்பி அனுப்பினான் பாருங்க. அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படாத புள்ளையைப் பெத்திருக்கேன். எனக்கு அது போதும்."

ஆதிமூலம் ஹாதியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஹாதி குனிந்து பொத்தானை எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு டஜன் எண்ண வேண்டும். நாலு வரைக்கும் எண்ணினான், மறந்துபோய், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினான்.